பண்ணையில் தங்கி இயற்கைப் பாதுகாப்புப் பயிற்சி: இங்கிலாந்து செல்லும் புதியவர்களுக்கு

இங்கிலாந்தில் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் சில, தங்கள் பண்ணையிலேயே தங்குமிடம் கொடுத்துப் பல மாதங்களுக்குப் பயிற்சியளிக்கின்றன. இத்துறையில் கால் பதிக்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் பறவைகளையும் பூச்சிகளையும் கற்பதற்கு முன்னால், பண்ணையின் நடைமுறைக்குப் பழகியாக வேண்டும்.

படி 1: புறப்படும் முன்

தனி அறையா, பலர் பகிரும் வீடா, குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க என்ன வசதி, கடைக்குப் போய்வர வண்டி கிடைக்குமா என்பவற்றை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கிராமப்புறங்களில் பேருந்துகள் குறைவு என்பதால், அரிசி, பருப்பு, பொடி வகைகளை நகரத்திலேயே வாங்கிச் செல்வது நல்லது. மற்ற செலவுகளில் சிக்கனம் பார்க்கலாம். மழை புகாத மேலங்கியிலும் உறுதியான ரப்பர் பூட்ஸிலும் பார்க்க வேண்டாம்.

படி 2: முதல் வாரம்

வயல் கதவுகளைத் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்லுங்கள். கன்றுடன் நிற்கும் பசுக்களிடமிருந்து விலகி நடங்கள். மின்வேலி எங்கெங்கே ஓடுகிறது என்பதைப் பொறுப்பாளரோடு ஒருமுறை சுற்றிவந்து தெரிந்துகொள்ளுங்கள். புல்வெளியில் வேலை செய்த ஒவ்வொரு மாலையும் உடலில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். இருந்தால், நுண்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் மெதுவாக நேராக இழுத்து எடுக்க வேண்டும். அதன் பின் வரும் வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்து பரவினால், அது உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயாக இருக்கலாம் என்பதால், தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். குளம், ஓடை ஆகியவற்றில் இறங்கும்போது எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. வெட்டுக்காயங்களை நீர் புகாத பிளாஸ்டரால் மூடுங்கள்.

வீட்டில் யார் எப்போது சமைப்பது, யார் எப்போது துப்புரவு செய்வது என்பதை முதல் நாளே பேசி எழுதி ஒட்டிவிடுவது போதும்.

படி 3: குளிர்கால வேலை

உயிர்வேலியைச் சாய்த்துக் கட்டுவது இங்கே முக்கியமான கைத்தொழில். ஹாதார்ன் என்ற முட்செடி போன்றவற்றின் தண்டை அடிப்பகுதியில் ஏறக்குறைய முழுவதுமாக வெட்டி, மெல்லிய பட்டையும் சிறிது மரமும் மட்டும் மிஞ்சும்படி விட்டுச் சாய்க்கிறார்கள். அந்த மெல்லிய இணைப்பின் வழியே தண்டு உயிரோடிருக்க, வெட்டிய அடியிலிருந்து புதுத் தளிர்கள் நெருக்கமாக எழுகின்றன. பறவைகள் கூடு கட்டும் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, சில விலக்குகள் தவிர, விளைநிலங்களின் உயிர்வேலிகளை வெட்டுவதற்கு 2024 முதல் சட்டப்படியே தடை இருக்கிறது. சங்கிலி ரம்பத்தை, பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெறும்வரை தொடாதீர்கள்.

படி 4: பட்டாம்பூச்சி நடை

ஒரு நிலத்தை உண்மையில் அறிந்துகொள்ள இதுவே சிறந்த வழி என்று நம்புகிறேன். பிரிட்டனில் 1976 முதல் நடந்துவரும் கணக்கெடுப்பு முறை இது. குறித்த ஒரு பாதையில், ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டம்பர் இறுதி வரை, 26 வாரங்களும் வாரம் ஒருமுறை சீரான வேகத்தில் நடந்து, இருபுறமும் 2.5 மீட்டருக்குள்ளும் முன்னால் 5 மீட்டருக்குள்ளும் தென்படும் பட்டாம்பூச்சிகளை மட்டும் எண்ண வேண்டும். வெப்பநிலை 13 டிகிரிக்குக் குறைந்தாலோ பலத்த காற்று வீசினாலோ அன்று நடக்கக் கூடாது. ஏனெனில் அப்போது பூச்சிகள் பறப்பதில்லை, கணக்கும் பிழையாகும். எல்லைக்கு வெளியே அரிய இனம் ஒன்று பறந்தாலும் எண்ணிக்கையில் சேர்க்காத கட்டுப்பாடு முதலில் கடினமாகவே இருக்கும். அந்தக் கட்டுப்பாட்டினால்தான் இந்த ஆண்டின் எண்ணைப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய எண்ணோடு ஒப்பிட முடிகிறது.

முதல் சில வாரங்கள் அனுபவமுள்ளவரோடு நடந்து, வெள்ளை நிற இனங்களை வேறுபடுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். ஐயமுள்ளதைப் படம் எடுத்துக் காட்டுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். அன்றைய பதிவை அன்று மாலையே கணினியில் ஏற்றிவிட்டு, கைப்பட எழுதிய குறிப்பேட்டையும் தேதி, வானிலையுடன் பத்திரப்படுத்துங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது செய்த பணிக்குச் சான்றாக அதைக் காட்டலாம்.