கார்டு வேலை செய்தது, பூட்டு பிடிக்கவில்லை

எங்கள் அடுக்ககத்தின் கீழ்வாசலில் கார்டு காட்டினால் பீப் கேட்கும், பச்சை விளக்கும் எரியும். ஆனால் பூட்டியிருக்கும்போதே தோளால் ஓங்கித் தள்ளினால் கதவு திறந்துகொண்டது! வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் அவை. எனக்குத் தூக்கமே வரவில்லை.

பொருத்தியவர் காந்தப் பூட்டையே (மின்சாரம் பாயும்போது காந்தமாகிக் கதவைப் பிடிக்கும் பூட்டு) மாற்றச் சொன்னார். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பவர் சப்ளையில் 12.1 வோல்ட், பூட்டில் 10 வோல்ட்தான், அதனால்தான் காந்தத்தின் பிடி தளர்ந்திருந்தது. காரணம், 60 மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மி.மீ. மெல்லிய ஒயர்; வழியிலேயே வோல்ட் குறைந்துவிட்டது. பூட்டு இழுப்பதோ அரை ஆம்பியர்.

1.5 சதுர மி.மீ. செம்புக் கேபிள் இழுத்ததும் 11.4 வோல்ட் வந்தது. இப்போது இருவர் சேர்ந்து தள்ளினாலும் அசையவில்லை. பூட்டின் முனைகளுக்குக் குறுக்கே ஒரு 1N4007 டயோடும் (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சிறு பாகம்) போட்டேன், வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம்; பூட்டு அணையும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை அது அடக்கும்.

காலி செய்து போனவர்களின் கார்டுகளையும் அன்றே நீக்கிவிட்டேன்.