ஜிடிஎக்ஸ் 1060 முதல் ஆர்டிஎக்ஸ் 4060 வரை: வெவ்வேறு தலைமுறை கிராபிக்ஸ் கார்டுகளை முறையாக ஒப்பிடுவது எப்படி?

கையில் இருப்பது 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060. பழைய பொருள் விற்பவரிடம் 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 கிடைக்கிறது. கடையில் 8 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 4060 புதிதாகக் கிடைக்கிறது. எதை வாங்குவது? இந்தக் கேள்வியோடு வருபவர்கள் பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களைப் பார்த்துக் குழம்பிப்போய்த்தான் வருகிறார்கள். அந்த எண்களில் பல, ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் பொருள் மாறிவிடுபவை. ஒரே விளையாட்டில், ஒரே காட்சியை, ஒரே அமைப்பில் வரைந்து முடிக்க ஒவ்வொரு கார்டும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் எல்லாத் தலைமுறைகளுக்கும் பொதுவான அளவுகோல். அந்த நேரத்தைப் பிழையில்லாமல் அளப்பதற்கான வழியை, இதுவரை ஒரு முறைகூட அளந்து பார்த்திராதவரை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

படி 1: எந்தக் கார்டு என்பதை உறுதிசெய்யுங்கள்

பெயர் ஒன்றாக இருந்தால் கார்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஜிடிஎக்ஸ் 1060 என்ற பெயரிலேயே 6 ஜிபி கார்டில் 1280 கோர்களும் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 3 ஜிபி கார்டில் 1152 கோர்களும் இருக்கின்றன. நினைவகம் மட்டும் குறைந்த கார்டு என்று நினைத்து வாங்கியவருக்குக் கோர்களும் குறைந்தே கிடைத்தன. ஆர்டிஎக்ஸ் 3060-இலும் 12 ஜிபி கார்டு 192 பிட் நினைவகப் பாதை (சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவு ஓடும் வழி) கொண்டது. பின்னால் வந்த 8 ஜிபி கார்டு 128 பிட் மட்டுமே கொண்டது. லேப்டாப்பில் உள்ள கார்டு அதே பெயரைத் தாங்கியிருந்தாலும், அதற்குத் தயாரிப்பாளர் ஒதுக்கிய மின்சார அளவைப் பொறுத்து அதன் வேகம் பெரிதும் மாறும் என்பதால், அதை மேசைக் கணினியின் கார்டோடு ஒப்பிடுவது தனிக் கணக்கு.

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை நிறுவித் திறந்தால் கோர்களின் எண்ணிக்கை, நினைவகத்தின் அளவு, பாதையின் அகலம் எல்லாம் ஒரே சாளரத்தில் தெரியும். அதில், கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பைக் காட்டும் வரியைக் கவனியுங்கள். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த இணைப்பு தானாகவே வேகம் குறைந்து 1.1 என்று காட்டும். பழுது என்று பயந்துவிட வேண்டாம். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சிறிய சோதனையை ஓடவிட்டால் உண்மையான இணைப்பு வேகம் வந்துவிடும்.

படி 2: எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக் கூடாது

தொடக்க நிலையில் பலரும் தடுக்கி விழும் இடம் இதுவென்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2017 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ-யில் 3584 கோர்கள். 2021 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-இலும் அதே 3584 கோர்கள். ஆனால் இரண்டும் ஒரே பொருளைக் குறிக்கும் எண்கள் அல்ல. 3060 சார்ந்த ஆம்பியர் என்ற சிப் கட்டமைப்பில், தசம எண் கணக்கு, முழு எண் கணக்கு ஆகிய இரண்டில் ஏதேனும் ஒன்றை மட்டும் ஒரு நேரத்தில் செய்யக்கூடிய அலகுகளையும் கோர் என்றே எண்ணினார்கள். விளையாட்டு முழு எண் கணக்கைக் கேட்கும்போதெல்லாம் அந்த அலகுகள் அதற்குப் போய்விடும். ஆகவேதான் முந்தைய தலைமுறை ஆர்டிஎக்ஸ் 2060-இன் 1920 கோர்கள் 3060-இல் 3584 ஆக உயர்ந்து, ஏட்டளவிலான கணக்குத் திறன் சுமார் 6.5 டெராஃபிளாப்பிலிருந்து (ஒரு டெராஃபிளாப் என்பது வினாடிக்கு ஒரு லட்சம் கோடி தசம எண் கணக்கு) 12.7 டெராஃபிளாப்பாக, ஏறக்குறைய இரு மடங்காக ஆனபோதும், விளையாட்டுகளில் கிடைத்த வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது.

2023 ஜூனில் வந்த 4060-இன் கதை இதற்கு நேர்மாறானது. அதில் 3072 கோர்கள்தான். நினைவகத்தின் வேகமும் 3060-இன் 360 ஜிபியிலிருந்து வினாடிக்கு 272 ஜிபியாக இறங்கிவிட்டது. ஏட்டில் மட்டும் பார்ப்பவர் இதைப் பின்னடைவு என்றே சொல்வார். ஆனால் கடிகார வேகம் 1.78 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.46 கிகாஹெர்ட்ஸாக உயர்ந்திருக்கிறது. சிப்புக்குள்ளேயே இருக்கும் இரண்டாம் நிலை கேஷ் நினைவகம் 3 எம்பியிலிருந்து 24 எம்பியாகப் பெருகியிருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் தரவு உள்ளேயே கிடைத்துவிடுவதால் வெளி நினைவகத்துக்குப் போய்வரும் தேவை குறைகிறது. நினைவகம் போதுமானதாக இருக்கும்வரை, 1080பி ரெசல்யூஷனில் 4060 தான் முந்துகிறது.

கோர்களும் டெராஃபிளாப்பும் ஒரே கட்டமைப்புக்குள் ஒப்பிடுவதற்கு மட்டுமே பயன்படும். தலைமுறை கடந்தும் நேரடியாக ஒப்பிடத்தக்கவை நினைவகத்தின் கொள்ளளவும், எடுத்துக்கொள்ளும் மின்சாரமும் மட்டுமே. 8 ஜிபி என்றால் எந்தத் தலைமுறையிலும் 8 ஜிபிதான்.

படி 3: கார்டைத் தவிர வேறெதையும் மாற்றாதீர்கள்

இரண்டு கார்டுகளையும் ஒரே கணினியில், ஒரே புராசசர், ஒரே ராம், ஒரே விண்டோஸ் பதிப்பில் சோதிக்க வேண்டும். ஒரு கார்டைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதற்கு முன் டிடியு என்ற மென்பொருளைக் கொண்டு, விண்டோஸை சேஃப் மோடில் திறந்து, பழைய டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) முழுவதும் நீக்கிவிடுங்கள். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்), ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு இரண்டு முறையும் ஒரே நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டின் நினைவகம் முழுவதையும் புராசசர் ஒரே வீச்சில் அணுகவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதி 3060-இலும் 4060-இலும் உண்டு, 1060-இல் கிடையாது. புதிய கார்டில் அதை இயக்கி வைத்துச் சோதிப்பதே நியாயம், ஏனெனில் வாங்குபவர் அப்படித்தான் பயன்படுத்துவார். ஆனால் இயக்கியிருந்தது என்று குறித்துவைக்க வேண்டும்.

அடுத்து, புராசசர் குறுக்கே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு விளையாட்டை 1080பி-யில் ஓட்டுங்கள். பிறகு அதே காட்சியை 720பி-யில் ஓட்டுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்தும் எஃப்பிஎஸ் (வினாடிக்கு வரையப்படும் பிரேம்கள், அதாவது படங்கள்) கிட்டத்தட்ட அதே அளவில் நின்றால், கார்டு காத்திருக்கிறது, புராசசர்தான் திணறுகிறது என்று பொருள். அந்த நிலையில் எவ்வளவு வேகமான கார்டை மாட்டினாலும் இரண்டும் சமம் என்றே காட்டும். அத்தகைய காட்சியை ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுங்கள், அல்லது ரெசல்யூஷனை உயர்த்துங்கள். ஆனால் உங்கள் புராசசரே எல்லா விளையாட்டிலும் தடையாக நிற்கிறது என்று தெரியவந்தால், புதிய கார்டுக்குச் செலவிடும் முன் ஒரு முறை யோசியுங்கள். அதைவிடப் பயனுள்ள செய்தியை இந்தச் சோதனை முழுவதிலும் நீங்கள் பெறப்போவதில்லை.

அறையின் வெப்பமும் கணக்கில் சேரும். மே மாத மதிய நேரத்தில் ஒரு கார்டையும், இரவில் ஏசி போட்டுவிட்டு இன்னொன்றையும் அளந்தால், சூடேறிய கார்டு கடிகார வேகத்தைக் குறைத்துக்கொண்டதை அதன் பலவீனமாக எழுதிவிடுவீர்கள்.

படி 4: விளையாட்டுகளைத் தேர்ந்தெடுங்கள்

நான்கைந்து விளையாட்டுகள் போதும், ஆனால் வெவ்வேறு வகையானவையாக இருக்க வேண்டும். ஷேடோ ஆஃப் தி டூம் ரைடர், ஃபோர்ஸா ஹொரைசன் 5, சைபர்பங்க் 2077 ஆகியவற்றில் சோதனைக் காட்சி உள்ளேயே இருப்பதால், ஒவ்வொரு முறையும் அதே பாதையில் அதே காட்சி ஓடும். தொடங்குபவருக்கு இவை மிகவும் ஏற்றவை. நீங்கள் தினமும் விளையாடுவது வேறு விளையாட்டு என்றால், அதில் ஓரிடத்தில் சேமித்துவைத்து, அங்கிருந்து 60 வினாடிகள் எப்போதும் ஒரே வழியில் நடந்து அளந்துகொள்ளலாம்.

சில புதிய விளையாட்டுகள் பழைய கார்டில் ஓடவே ஓடாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) வன்பொருள் இல்லாத ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் திறப்பதில்லை. அத்தகைய விளையாட்டைச் சராசரியில் சேர்க்க முடியாது. "இந்தக் கார்டில் ஓடாது" என்று தனி வரியாக எழுதுங்கள். வாங்குபவருக்கு அது எந்தச் சதவீதத்தையும்விட முக்கியமான செய்தி.

படி 5: செட்டிங்ஸில் மறைந்திருக்கும் பொறிகள்

நான் முதன்முதலில் இரண்டு கார்டுகளை ஒப்பிட்டபோது இரண்டுமே 60 எஃப்பிஎஸ் காட்டின. புதிய கார்டு வீண் என்றே முடிவுசெய்து, அதை வாங்கியவரிடமும் சொல்லிவிட்டேன். மறுநாள்தான், பிரேம் வேகத்தை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்க் இயங்கிக்கொண்டிருந்ததையும், மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்பதால் இரண்டு கார்டுகளும் அந்த எல்லையில் கட்டுண்டு நின்றதையும் பார்த்தேன். அன்றிலிருந்து வி-சிங்க், பிரேம் எல்லை, தானாக மாறும் ரெசல்யூஷன் ஆகிய மூன்றும் அணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொரு விளையாட்டிலும் முதலில் பார்க்கிறேன். சில விளையாட்டுகளில் "ஹை", "அல்ட்ரா" என்று தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தால், கார்டைப் பொறுத்து, குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் அப்ஸ்கேலிங்கையும் தானாகவே இயக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு செட்டிங்கையும் கையால் அமைத்து, திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் வசதிகளை அணைத்துவிட்டே முதல் சுற்றை அளக்க வேண்டும். 1440பி-யில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி என்று வைத்தால் கார்டு உண்மையில் வரைவது 960பி அளவில்தான். மீதியை ஊகித்து நிரப்புகிறது. பிரேம் ஜெனரேஷன் அதற்கும் ஒரு படி மேலே போய், வரையப்பட்ட இரண்டு பிரேம்களுக்கு நடுவே புதிய பிரேமை உருவாக்கிச் செருகுகிறது. காட்சி வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் நீங்கள் மவுஸை அசைப்பதற்கும் திரை அசைவதற்கும் இடையிலான நேரம் அதே விகிதத்தில் குறையாது. 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் விலையுள்ள ஆர்டிஎக்ஸ் 5070, முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான 4090-க்கு இணையான வேகம் தரும் என்று மேடையில் அறிவித்தார். ஒரு பிரேமுக்கு மூன்று பிரேம்கள் வரை உருவாக்கிச் சேர்க்கும் புதிய வசதியைக் கணக்கில் எடுத்ததால் வந்த சமன்பாடு அது. அந்த வசதி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் சுற்றில் அதை இயக்கித் தனியாக அளந்து, தனிப் பட்டியலில் எழுதுங்கள். இரண்டையும் ஒரே வரிசையில் கலப்பதுதான் தவறு.

படி 6: அளவெடுத்தல்

கேப்ஃபிரேம்எக்ஸ் என்ற இலவச மென்பொருள் தொடங்குபவருக்கு எளிதாக இருக்கும். விளையாட்டைத் திறந்து, காட்சி தொடங்கும்போது குறித்த விசையை அழுத்தினால், நீங்கள் அமைத்த நேரம் வரை ஒவ்வொரு பிரேமும் எத்தனை மில்லி வினாடியில் வந்தது என்று அது பதிந்துகொள்ளும். 60 எஃப்பிஎஸ் என்பது பிரேமுக்கு 16.7 மில்லி வினாடி. 144 எஃப்பிஎஸ் என்பது 6.9 மில்லி வினாடி.

சராசரியை மட்டும் பார்ப்பது ஏன் போதாது? ஒரு கார்டு முதல் வினாடியில் 100 பிரேமும் அடுத்த வினாடியில் 20 பிரேமும் தந்தால் சராசரி 60 தான். இரண்டு வினாடியும் சீராக 60 தந்த கார்டின் சராசரியும் 60 தான். விளையாடுபவரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல. 2011-இல் டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் இதை விரிவாக எடுத்துக்காட்டிய பிறகே, பிரேம் நேரத்தை அளக்கும் வழக்கம் பரவியது. இன்று "1% லோ" என்று காட்டுவது, மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு பிரேம்களின் வேகத்தை. அதையும் சராசரியையும் சேர்த்தே எழுதுங்கள்.

கார்டு சூடேறி நிலைபெறப் பத்து நிமிடங்கள் விளையாடவிட்டு, பிறகு நான்கு முறை ஓட்டுங்கள். ஷேடர்கள் (காட்சியை வரையக் கார்டில் ஓடும் சிறு நிரல்கள்) முதன்முறை தொகுக்கப்படும்போது காட்சி திக்கித் திக்கி ஓடும் என்பதால் முதல் ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள். மீதி மூன்றும் ஒன்றுக்கொன்று 2 அல்லது 3 சதவீதத்துக்குள் இருந்தால் அளவு சரி. இரண்டு கார்டுகளுக்கு இடையிலான வேறுபாடும் அந்த 3 சதவீதத்துக்குள்ளேயே இருந்தால், இரண்டும் சமம் என்றே எழுத வேண்டும்.

படி 7: கணக்கு

பழைய கார்டு 50, புதிய கார்டு 80 எஃப்பிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். புதியது 60 சதவீதம் வேகமானது, பழையது 37.5 சதவீதம் மெதுவானது. இரண்டும் சரியே, ஆனால் ஒரு கட்டுரையில் ஒன்றையே தொடர்ந்து பயன்படுத்துங்கள்.

பல விளையாட்டுகளின் முடிவைச் சேர்க்கும்போது எஃப்பிஎஸ்களைக் கூட்டிவிடாதீர்கள். ஒரு விளையாட்டில் 400 என்பது 440 ஆகவும், இன்னொன்றில் 30 என்பது 60 ஆகவும் உயர்கிறது என்று கொள்வோம். கூட்டினால் 430, 500 ஆகிறது. அதாவது 16 சதவீத முன்னேற்றம் மட்டுமே. விளையாடவே முடியாதிருந்த விளையாட்டு விளையாடத்தக்கதாக மாறியது அந்தக் கணக்கில் கரைந்துபோகிறது. மாறாக, ஒவ்வொரு விளையாட்டுக்கும் விகிதத்தை எடுங்கள்: 1.1, 2. அவற்றைப் பெருக்கி, விளையாட்டுகள் இரண்டு என்பதால் வர்க்கமூலம் எடுத்தால் 1.48 வரும். அதாவது 48 சதவீதம். மூன்று விளையாட்டுகள் என்றால் கனமூலம். இந்தப் பெருக்கல் சராசரியை எக்செல் ஜியோமீன் என்ற சூத்திரத்தில் நொடியில் தந்துவிடும்.

படி 8: நினைவகமும் மின்சாரமும்

3060-க்கும் 4060-க்கும் இடையே முடிவெடுக்க இந்தப் படிதான் உதவும். டெக்ஸ்சர் (பொருள்களின் பரப்பில் ஒட்டும் படங்கள்) தரத்தை உச்சத்தில் வைத்து, 1440பி-யில், ஒரே விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டுங்கள். 8 ஜிபி நிரம்பி வழியும்போது சராசரி ஓரளவு நிற்கும், 1% லோ சரியும். சில விளையாட்டுகளில் எண் அசையாது. ஆனால் சுவரருகே போய் நின்று பார்த்தால் செங்கலின் கோடுகள் மங்கலாகவே இருக்கும், ஏனெனில் விளையாட்டே சத்தமில்லாமல் தரத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். ஆகவே இந்த இடத்தில் கண்ணும் ஓர் அளவுகோல்.

உங்கள் மதர்போர்டு பி450 போன்ற பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வகை என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். 3060 பதினாறு பாதைகளில் இணைகிறது. 4060 எட்டுப் பாதைகளில் மட்டுமே இணைகிறது. நினைவகம் நிரம்பாதவரை இழப்பு சிறியது; நிரம்பி, தரவு கணினியின் ராமுக்குப் போய்வரத் தொடங்கினால் அந்தக் குறுகிய வழி நன்றாகவே உறைக்கும்.

மின்சாரத்தில் 1060-க்கு 120 வாட், 3060-க்கு 170 வாட், 4060-க்கு 115 வாட் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். பழைய பவர் சப்ளையை மாற்றாமல் கார்டை மட்டும் மாற்ற நினைப்பவருக்கு 3060-க்கும் 4060-க்கும் இடையிலான இந்த 55 வாட் வேறுபாடு விலையிலேயே எதிரொலிக்கும்.

படி 9: கார்டு கையில் இல்லையென்றால்

மற்றவர்களின் சோதனையை நம்பித்தான் ஆக வேண்டும் என்றால், மூன்று கார்டுகளையும் ஒரே நாளில், ஒரே கணினியில் அளந்த ஒரே கட்டுரையைத் தேடுங்கள். 1060-ஐ 2060-உடன் ஒப்பிட்ட ஒரு கட்டுரையையும், 2060-ஐ 4060-உடன் ஒப்பிட்ட இன்னொன்றையும் பெருக்கிச் சங்கிலிபோல் கோர்த்தால், விளையாட்டு, டிரைவர், புராசசர் எல்லாம் நடுவில் மாறியிருக்கும். 2016-இல் எழுதிய மதிப்புரையில் உள்ள 1060-இன் எண்ணை இன்றைய எண்ணின் பக்கத்தில் வைப்பதும் அதே பிழைதான்.

அளந்து முடித்ததும் தேதி, டிரைவர் பதிப்பு, விளையாட்டின் பதிப்பு, அறை வெப்பம் ஆகியவற்றோடு கேப்ஃபிரேம்எக்ஸ் தந்த கோப்புகளையும் ஒரே கோப்புறையில் சேமித்துவையுங்கள். பழைய கார்டை விற்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். கை மாறிய கார்டை மறுபடி அளக்க வாய்ப்புக் கிடைக்காது.