'இன்' என்று தொடங்கினால் எல்லாம் 'இல்லை' ஆகிவிடாது

வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய தின்னர் டப்பாவை அடுப்பு மேடைக்குக் கீழே வைத்திருந்தேன். மேலே சிவப்பு எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'. 'ஃப்ளேம்' தீச்சுடர், 'இன்' என்றால் இல்லை. ஆக தீப்பிடிக்காது என்று கூட்டிப் படித்திருந்தேன். தண்ணீர் குடிக்க உள்ளே வந்த பெயின்டர் அண்ணன் செம்பை வைத்துவிட்டு, "சிலிண்டர் பக்கத்துலயா தம்பி இத வைப்பீங்க?" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். அதற்குப் பிறகு ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் படிக்க நான் பழகிக்கொண்ட முறை இது.

படி 1: சொல்லின் தலையை, அதாவது முன்னொட்டை, விரலால் மூடி மீதியைப் படியுங்கள். 'இன்கரெக்ட்'டில் 'கரெக்ட்' தனியாக நிற்கிறது, சரி. 'அங்கிள்' (uncle) என்பதில் 'un' என்ற முதல் இரண்டு எழுத்தை மூடினால் மிச்சத்துக்குப் பொருளே இல்லை. அது முன்னொட்டு இல்லை, விட்டுவிடுங்கள்.

படி 2: தலை உருமாறும். 'இம்பாசிபிள்', 'இல்லீகல்', 'இர்ரெகுலர்' மூன்றிலும் இருப்பது அதே 'இன்'தான். மரம், கள் சேர்ந்து மரங்கள் ஆகிறதே, பல்லும் பொடியும் பற்பொடி ஆகிறதே, அதே புணர்ச்சி லத்தீனிலும் நடந்திருக்கிறது.

படி 3: இங்கேதான் நிதானம் வேண்டும். லத்தீனில் 'இன்' இரண்டு உண்டு. ஒன்று 'இல்லை', மற்றது 'உள்ளே'. 'இம்போர்ட்' உள்ளே கொண்டுவருவது, 'இன்ஹேல்' மூச்சை உள்ளிழுப்பது. 'இன்ஃப்ளேம்' என்பதே தீமூட்டு என்ற முழு வினைச்சொல். அதன் வாலில் 'ஏபிள்' ஒட்டியதும் 'எளிதில் தீப்பற்றும்' என்றாகிறது. நான் தலையில் வெட்டினேன். வெட்ட வேண்டியது வாலில். இந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே 'ஃப்ளேமபிள்' என்றே எழுதச் சொன்னது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. தீப்பிடிக்காதது 'நான்ஃப்ளேமபிள்'.

'இன்வேல்யுபிள்' பார்த்தும் பலர் தடுமாறுகிறார்கள். அதில் இருப்பது 'இல்லை'தான், ஆனால் மதிப்பு இல்லாதது அல்ல, மதிப்பிட முடியாதது. நாமும் 'மதிப்பற்ற', 'விலைமதிப்பற்ற' என்று இரண்டையும் வேறு வேறாகத்தானே சொல்கிறோம்?

படி 4: சந்தேகம் வந்தால் எடிமான்லைன் தளத்தில் சொல்லின் வேரைப் பாருங்கள். இலவசம். முன்னொட்டுப் பட்டியல்களை மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இது எந்த 'இன்' என்று அவை சொல்வதில்லை. ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, 'இல்லை' ஒரு பக்கம், 'உள்ளே' மறுபக்கம் என்று நீங்களே எழுதுங்கள். இருபது சொல் எழுதினாலே கை பழகிவிடும்.

பின்சேர்க்கை: அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட்டில் 'ஹைப்போ', 'ஹைப்பர்' இரண்டும் ஒன்றா என்று ஒருவர் கேட்டிருந்தார். நேர் எதிர். இரண்டும் கிரேக்கம், ஹைப்போ கீழே, ஹைப்பர் மேலே. பொதுவாக ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஹைப்போகிளைசீமியா. நினைவில் நிற்க, 'ஹைப்போ'வின் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கீழே 'போ'. சர்க்கரை இறங்கியவர் நினைவோடு இருந்தால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும், ஏறியவருக்குக் கொடுக்கக் கூடாது. அந்த ஓர் எழுத்தை விரல் வைத்துப் படியுங்கள்.