மாண்டினீக்ரோ மக்கள்தொகை: எண்களை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பரில் எடுத்த கணக்கெடுப்பின்படி, ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் உள்ள சிறு நாடான மாண்டினீக்ரோவில் 6,23,633 பேர் வசிக்கிறார்கள். இனவாரியாக மாண்டினீக்ரோவர் 41 சதவீதம், செர்பியர் 33, போஸ்னியாக்குகள் (ஸ்லாவிய மொழி பேசும் முஸ்லிம் இனத்தவர்) ஒன்பதரை, அல்பேனியர் 5, ரஷ்யர் 2. பல கட்டுரைகள் இதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகின்றன. பிழைகள் தொடங்குவது இங்கேதான்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, இனத்தைப் பிறப்பிலேயே நிலைத்துவிட்ட ஒன்றாக எடுத்துக்கொள்வது. 1948இல் பத்தில் ஒன்பது பேர் தங்களை மாண்டினீக்ரோவர் என்றார்கள். 1991இல் அது 62 சதவீதம், 2003இல் 43. அந்தக் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில் செர்பியர் பங்கு 9 சதவீதத்திலிருந்து 32க்கு ஏறியது. இதைப் பார்ப்பவர்கள் 1990களின் யூகோஸ்லாவியப் போர்களில் கூட்டம் கூட்டமாக மக்கள் இடம் மாறிவிட்டார்கள் என்று முடிவுகட்டுகிறார்கள். அகதிகள் வந்தது உண்மை. ஆனால் இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு ஈடாக ஆட்கள் வரவும் இல்லை, போகவும் இல்லை. பெரும்பாலும் அதே மக்கள்தான் வேறு பதில் சொன்னார்கள்.

ஏன்? முன்பெல்லாம் தன்னை மாண்டினீக்ரோவர் என்று சொன்ன பலருக்கு, அதனால் தான் செர்பியர் இல்லை என்று ஆகிவிடவில்லை. யூகோஸ்லாவியா சிதறிய பின்னும் மாண்டினீக்ரோ செர்பியாவோடு ஒரே கூட்டாட்சியில் இருந்தது. 1997இல் மாண்டினீக்ரோவின் ஆளும் கட்சி உடைந்தது. அதன் தலைவர்களில் மோமிர் புலாத்தோவிச் பெல்கிரேடோடு, அதாவது செர்பியத் தலைமையோடு நின்றார். மீலோ ஜுகானோவிச் விலகிப் போய், பின்னர் தனிநாடு கேட்டார். அதற்கப்புறம் 'நீ எந்த இனம்?' என்ற கேள்விக்குள் 'உனக்கு எந்த நாடு வேண்டும்?' என்ற கேள்வியும் புகுந்துகொண்டது. ஒரே வீட்டில் அண்ணன் ஒன்றும் தம்பி வேறொன்றும் சொன்ன குடும்பங்கள் உண்டு. ரஷ்யர் விஷயம் வேறு. 2011இல் மிகச் சிலராக இருந்தவர்கள் 2 சதவீதம் ஆனது நிஜமான குடியேற்றத்தால்தான்.

ஆண்டுகளை ஒப்பிடும்போது இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1991 கணக்கில் வெளிநாட்டில் வேலை செய்தவர்களும் சேர்ந்திருந்தார்கள். 2003இல் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தவர்களை விட்டுவிட்டார்கள்.

இனத்தையும் வாக்கையும் ஒன்றாக்குவதும் தவறு. 2006 மே 21 பொது வாக்கெடுப்பில் விடுதலைக்கு 55.5 சதவீதம் கிடைத்தது, தேவைப்பட்டது 55. மாண்டினீக்ரோவர் வாக்கு மட்டும் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்காது. போஸ்னியாக்குகளும் அல்பேனியரும் பெருமளவில் ஆதரித்ததால்தான் அது நடந்தது.

மொழிக்கும் இனத்துக்கும் நேர்க்கோடு போட முடியாது. 2023இல் செர்பியர் 33 சதவீதம், ஆனால் தாய்மொழி செர்பியம் என்றவர்கள் 43. அதாவது இனம் மாண்டினீக்ரோவர், மொழி செர்பியம் என்று சொன்னவர்கள் ஏராளம். 2007 அரசியலமைப்பு மாண்டினீக்ரோ மொழியை ஆட்சிமொழியாக்கியது. செர்பியம், போஸ்னியம், அல்பேனியம், குரோவாசியம் ஆகியவற்றுக்கும் அரசுப் பயன்பாட்டில் இடம் கொடுத்தது. அல்பேனியத்தைத் தவிர மற்றவற்றைப் பேசுபவர்கள் ஒருவர் பேசுவதை மற்றவர் தடையில்லாமல் புரிந்துகொள்வார்கள்.

அட்டவணையில் 'முஸ்லிம்கள்' என்று ஒரு வரி வரும், 1.6 சதவீதம். நாட்டில் இஸ்லாமியர் இவ்வளவுதான் என்று எழுதிவிடுகிறார்கள். அது மதத்தின் எண்ணிக்கை இல்லை. யூகோஸ்லாவியா காலத்தில் ஸ்லாவிய மொழி பேசும் முஸ்லிம்களுக்குத் தரப்பட்ட இனப்பெயர் அது. 1990களில் அவர்களில் பலர் போஸ்னியாக் என்ற பெயரை ஏற்றார்கள், சிலர் பழைய பெயரிலேயே இருக்கிறார்கள். இஸ்லாமியர் மொத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அல்பேனியர் எல்லோரும் முஸ்லிம்கள் என்பதும் சரியில்லை. தூசி பகுதியில் வாழும் அல்பேனியரில் கத்தோலிக்கர்கள் நிறையப் பேர்.

கடைசியாக, தேசிய சராசரியை ஊருக்கு ஊர் பொருத்தாதீர்கள். பழைய அரச தலைநகரான செட்டின்யேயில் 2011இல் பத்தில் ஒன்பது பேர் மாண்டினீக்ரோவர். வடக்கே ரோஷாயேவில் போஸ்னியாக்குகள் பெரும்பான்மை. தென்கோடிக் கடற்கரையில் உல்ட்சின் அல்பேனியர் ஊர்.