விமானத்துக்கு ‘டிரைவ்’ பொருந்தாது: பறத்தல் பற்றிய ஆங்கில வினைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் நாம் கார் ஓடுகிறோம், மோட்டார் சைக்கிள் ஓடுகிறோம், வள்ளமும் ஓடுகிறோம். விமானம் ஓடுபவரையும் அதே வினையாலேயே குறிப்பிடுகிறோம். தமிழில் இது பிழையன்று. ஆனால் உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டு விமானப் பயிற்சிக்கோ விமான நிலையத் தரைப்பணிக்கோ ஆயத்தமாகும் மாணவர், அந்த ஒற்றை வினையை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசும்போது ‘டிரைவ்’ என்று சொல்லிவிடுகிறார். காருக்கு ‘டிரைவ்’, மோட்டார் சைக்கிளுக்கு ‘ரைட்’, விமானத்துக்கு ‘ஃபிளை’ என்பதே ஆங்கில வழக்கு. ‘ஃபிளை’ என்பதன் இறந்தகாலம் ‘ஃபுளூ’. ‘ஹாவ்’ உடன் வரும்போது ‘ஃபுளோன்’. ‘ஃபிளைட்’ என்பது பெயர்ச்சொல்லேயன்றி இறந்தகால வினையாகாது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஏறுதல், இறங்குதல் என்ற இரு வினைகளால் வருகிறது. சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். பயணி விமானத்தில் ஏறுவது ‘போர்ட்’. விமானம் தன் விசையில் ஓடுபாதையை நோக்கித் தரையில் நகர்வது ‘டாக்சி’. தரையை விட்டு எழுவது ‘டேக் ஓஃப்’, அதன்பின் உயரம் ஏறுவது ‘கிளைம்ப்’. பலாலியை நெருங்கும்போது உயரத்தைக் குறைத்து வருவது ‘டிசெண்ட்’. ஓடுபாதையில் சக்கரம் பதிவது ‘லாண்ட்’. பயணி படிக்கட்டால் இறங்குவது ‘கெட் ஓஃப்’ அல்லது ‘டிசெம்பார்க்’. கடைசி மூன்றுக்கும் தமிழில் ‘இறங்குதல்’ என்ற ஒரே வினை போதும். ஆங்கிலத்தில் ‘டிசெண்ட்’ செய்ய அனுமதி பெற்ற விமானி, ‘லாண்ட்’ செய்ய அனுமதி பெற்றவராகமாட்டார்.

இலக்கணத்திலும் இவை ஒன்றுபோல் நடப்பதில்லை. ‘லாண்ட்’ செயப்படுபொருளை ஏற்கும். விமானி விமானத்தை ‘லாண்ட்’ செய்தார் என்று ஆங்கிலத்தில் தாராளமாக எழுதலாம். ‘டேக் ஓஃப்’ அவ்வாறன்று. விமானம் ‘டேக் ஓஃப்’ செய்யும், விமானியும் செய்வார். ஆனால் விமானி விமானத்தை ‘டேக் ஓஃப்’ செய்தார் என்று எழுதினால், சட்டையைக் கழற்றுவது போன்ற பொருளே வாசிப்பவருக்குத் தோன்றும்.

விமானிக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கும் இடையிலான வானொலி உரையாடலில் அந்த வினையை எங்கே சொல்லலாம் என்பதற்குக் கண்டிப்பான விதி உண்டு, காரணம் துயரமானது. 1977 மார்ச் 27 அன்று தெனெரீஃப் தீவில், நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவன விமானத்தின் துணை விமானி ‘வீ ஆர் நவ் அட் டேக் ஓஃப்’ என்றார். அவர் கருதியது, எழும்புவதற்காக ஓடத் தொடங்கிவிட்டோம் என்பது. கட்டுப்பாட்டாளர் விளங்கிக்கொண்டது, புறப்படும் இடத்தில் காத்திருக்கிறார்கள் என்பது. பனிமூட்டத்தில் இரு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். டச்சு மொழியின் வாக்கிய அமைப்பு அந்த ஆங்கிலத்துக்குள் புகுந்திருக்கலாம் என மொழியியலாளர் கூறுவர். தாய்மொழியின் வழக்கைத் தன்னையறியாமல் கொண்டுசெல்லும் எந்த மாணவரும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இன்று எழும்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்துச் செய்யும்போதும் மட்டுமே ‘டேக் ஓஃப்’ சொல்லப்படுகிறது. மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்பதே வழக்கு.

‘டிசெண்ட்’ என்பதோடு எண் சேரும்போதும் கவனம் தேவை. 1989 பெப்ரவரி 19 அன்று கோலாலம்பூருக்கு அருகில், 2400 அடிக்கு இறங்குமாறு ‘டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று சொல்லப்பட்டது. சரக்கு விமானத்தின் விமானிகள் ‘டூ’வை இரண்டு (two) என்ற எண்ணாகக் கேட்காமல், ‘-க்கு’ என்று பொருள்படும் ‘டூ’ (to) ஆகக் கேட்டு, 400 அடிக்கு என்று எடுத்துக்கொண்டனர். விமானம் மலையில் மோதியது. அதிலிருந்த நால்வரும் இறந்தனர்.

‘ஸ்டோல்’ என்ற வினையைக் கேட்டதும் எஞ்சின் நின்றுபோனதாகவே நம்மவர் பலர் நினைக்கின்றனர், ஏனெனில் ஓட்டோவுக்கும் காருக்கும் அதுவே பொருள். விமானத்தில் அது இறக்கையைப் பற்றிய சொல். எதிர்வரும் காற்றோடு இறக்கை அமைக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டும்போது, காற்று இறக்கையின் மேற்பரப்பிலிருந்து பிரிந்து தூக்குவிசை குறைகிறது. அவ்வேளையில் எஞ்சின் முழு வலுவுடன் இயங்கிக்கொண்டிருக்கலாம். 2009 ஜூன் 1 அன்று 228 பேருடன் அத்திலாந்திக்கில் வீழ்ந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் எஞ்சின்கள் கடைசிவரை இயங்கின. ஆகவே ‘ஸ்டோல்’ என்றதும் எஞ்சினைப் பற்றி எழுதும் மாணவர், சொல்லோடு அறிவியலையும் பிழையாக எழுதுகிறார்.

‘கண்ட்ரோல்’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கோபுரத்தில் இருப்பவர் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறார். விமானத்தைக் கட்டுப்படுத்துபவர் விமானியே. இரு விமானிகளுக்கிடையே பொறுப்பு மாறும்போது ஒருவர் ‘யூ ஹாவ் கண்ட்ரோல்’ என்று சொல்ல, மற்றவர் ‘ஐ ஹாவ் கண்ட்ரோல்’ என்று ஏற்கிறார்.

சினிமாவிலிருந்து பரவிய தவறு ‘ரோஜர்’. அதற்கு ‘ஆம்’ என்ற பொருள் இல்லை. நீங்கள் சொன்னதை முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்பதே பொருள். ‘ஆம்’ என்பதற்கு ‘அஃபேர்ம்’, சொன்னபடி செய்வேன் என்பதற்கு ‘வில்கோ’. எழும்பவும் தரையிறங்கவும் கிடைக்கும் அனுமதிகளுக்கு இம்மூன்றில் எதுவும் விடையாகாது. கட்டுப்பாட்டாளர் சொன்ன அனுமதியை, ஓடுபாதை எண்ணோடு, விமானி திரும்பச் சொல்ல வேண்டும்.