ஓரம் தூக்கிய பியர் லேபிள்: கடைசியில் பிடிபட்டது இதுதான்

மெல்போர்னில் நம் குடிக்கான பியரை நாமே வீட்டில் காய்ச்சிக்கொள்ளத் தடையில்லை. நண்பனின் புதுமனை புகுவிழாவுக்கு, 750 மி.லி. பாட்டில்களில் அவன் பெயர் போட்ட லேபிள் ஒட்டப் போய்த்தான் வம்பு.

இங்க்ஜெட்டில் அடித்தது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்த்ததும் மை வழிந்தது. லேசர் பிரிண்டில் அது தீர்ந்தது. ஸ்டிக்கர் தாளின் பிசின் கழுவினாலும் லேசில் போகாது என்பதால், பலரும் செய்வதுபோல் பால் தடவி ஒட்டினேன். சிரிக்காதீர்கள், பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் நல்ல பசை. ஆனால் காய்ந்ததும் இடது, வலது ஓரங்கள் மட்டும் தூக்கிக்கொண்டன. மேலும் கீழும் கச்சிதம். பாலைக் கூட்டினேன், மைதாப் பசை காய்ச்சினேன், ரப்பர் பேண்ட் மாட்டி இரவு முழுக்க வைத்தேன். கழற்றியதும் பழையபடி.

அப்புறம் அதே தாளில் ஒரு துண்டைக் கிழித்து ஒரு பக்கம் மட்டும் நனைத்தேன். குழல்போலச் சுருண்டது, அதுவும் ஒரே திசையில். தாளின் நார்கள் பெரும்பாலும் ஒரு திசையில்தான் ஓடும். ஈரம் பட்டால் நாருக்குக் குறுக்கேதான் தாள் அதிகம் விரியும். ஏ4 தாளில் பொதுவாக நார் நீளவாக்கில் இருக்கும். என் டிசைனைத் தாளின் அகலவாக்கில் அடித்ததால், ஒட்டும்போது நார் செங்குத்தாக நின்று பக்க ஓரங்களைச் சுருட்டியிருக்கிறது.

டிசைனை 90 டிகிரி திருப்பி, அதே தாள், அதே பால். ஓரம் அசையவில்லை.

கழற்ற வெந்நீரில் ஊறவைத்தால் போதும். ஐஸ் பக்கெட்டில் மட்டும் போட வேண்டாம், உரிந்து மிதக்கும்.