வேலி போட்டும் பட்டை போகிறதா?

கன்று நட்ட கையோடு சுற்றிலும் கம்பிவலை கட்டிவிடுகிறோம். அப்படியும் ஒருநாள் பார்த்தால் அடிப்பட்டை கடிபட்டுக் கிடக்கும். வந்து போவது எந்த விலங்கு என்று பார்க்காமலே காவல் போடுவதுதான் முதல் தவறு.

கடிபட்ட இடத்தைக் குனிந்து பாருங்கள். கிளை நுனி கத்தரியால் நறுக்கியதுபோல் சாய்வாக இருந்தால் முயல். பிய்ந்து நார் தொங்கினால் மான். அதற்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, இழுத்துத்தான் பிய்க்கும். தரையை ஒட்டிப் பொடிப்பொடியாகப் பல்தடம் இருந்தால் பெரும்பாலும் எலி. அதற்கு மேலே தண்டில் பட்டை நீளவாக்கில் உரிந்திருந்தால், கிடா மான் கொம்பைத் தேய்த்திருக்கலாம்.

முயலுக்கு 60 முதல் 75 செ.மீ உயர வலை பொதுவாகப் போதும். தோட்டம் முழுக்க மான் நுழையாமல் தடுக்க ஏறத்தாழ 2.4 மீட்டர் வேலி வேண்டும். எலிக்கோ உயரத்தைவிட வலையின் கண்ணி, அதாவது ஓட்டையின் அளவுதான் முக்கியம். கோழிவலையில் அது சர்வசாதாரணமாகப் புகுந்துவிடும். 6 மி.மீ கண்ணியுள்ள கம்பிவலையை மண்ணுக்குள் சில அங்குலம் இறக்கிப் புதைக்க வேண்டும். வலை தண்டைத் தொடவும் கூடாது.

மண்ணை மூடப் பரப்பும் இலைதழை மூடாக்கை அடிமரத்தில் கோபுரமாகக் குவிப்பது அடுத்த தவறு. எலிக்கு அது சொகுசான வீடு. ஒரு சாண் தள்ளிப் போட்டால் போதும்.

அப்புறம், கட்டிய காவலை மறந்துவிடுவது. விலங்கு செய்யாத சேதத்தை இது செய்துவிடும். இலையில் உருவாகும் உணவு உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. தண்டு பருக்கப் பருக்க, இறுகிய கம்பி பட்டையை நெரித்து அந்த வழியை அடைக்கிறது. மேலே இலை பச்சையாகவே இருப்பதால் வேர் பட்டினி கிடப்பது நமக்குத் தெரிவதில்லை. பிளாஸ்டிக் உறையை இறுக்கிச் சுற்றினால் உள்ளே ஈரம் தங்கிப் பூச்சி சேரும். வருடத்துக்கு இரண்டு முறையாவது அவிழ்த்துப் பார்த்துத் தளர்த்திக் கட்டுங்கள்.

விரட்டி மருந்தை ஒருமுறை தெளித்தால் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். மழையில் கரைந்துபோகும், தெளித்த பிறகு விட்ட கொழுந்தில் மருந்தே இருக்காது. எலிக்கு விஷம் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விஷம் தின்ற எலியைப் பிடிக்கும் ஆந்தையும் சாகக்கூடும். கூலி கேட்காத காவலாளி அது.

பழமரத்தின் மேல் பெரிய கண்ணி வலையைத் தொளதொளவென்று வீசினால் பறவையும் வௌவாலும் பாம்பும் சிக்கித் துடிக்கும். கண்ணியில் விரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம். நுழையாத வலையையும் இழுத்துக் கட்டுங்கள்.

கடிபட்ட காயத்தில் தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் மரம் தானே மூடிக்கொள்ளும். சுற்றிலும் வளையமாகப் போயிருந்தால், பெரிய மரத்தைக் காயத்தின் மேல்பட்டையையும் கீழ்ப்பட்டையையும் இணைக்கப் பாலம்போல் உயிர்க்குச்சிகள் வைத்து ஒட்டுக்கட்டிக் காப்பாற்றலாம். சின்னக் கன்றானால் மாற்றி நடுவதே சுலபம். ஒட்டுக்கன்றில் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை நம்பி வளர்க்காதீர்கள். நீங்கள் வாங்கிய ரகம் அது அல்ல.